தலைவலிக்கு மச்சான் சாட்சி

பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. இல்லாவிட்டால் அந்தத் தெருவிலேயே மெதுவாகப் பேசுகிற மனிதருக்குப் போய் டமாரம் என்று பெயர் வைத்திருப்பார்களா? அவர் கடைக்குப் போய் ஒரு சோப்புக் கேட்டால், கடைக்காரர் கல்லாவைத் தாண்டி எட்டிக் காதை நீட்ட வேண்டும். அவர் கதவைச் சாத்தினால் சாத்தியது தெரியாது. தும்மல் வந்தால்கூடத் தோள்பட்டைக்குள் முகத்தைப் புதைத்து, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல்தான் தும்முவார்.

ஆனால் ஒரு காலத்தில் அவர் போட்ட சத்தத்தை நம்பித்தான் ஒரு பட்டாளமே கால் எடுத்து வைத்தது. பட்டாளத்து பேண்டு வாத்தியக் குழுவில் இருபது வருஷம் பெரிய டிரம் அடித்தவர் அவர். துப்பாக்கியைத் துடைத்து வைத்ததோடு சரி. எதிரி என்று யாரையும் நேரில் பார்த்ததில்லை. டிரம்மைத் தோல்வாரில் மாட்டி மார்பில் தொங்கவிட்டால் அது மோவாய் வரைக்கும் ஏறி நிற்கும். எதிரே எதிரியே வந்து நின்றிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு கையிலும் துணி உருண்டை வைத்த கோல். இடது கால் தரையில் படும்போது ஒரு 'பும்'. அந்தப் 'பும்' இல்லையென்றால் பின்னால் வருகிற அத்தனை பூட்ஸும் ஒன்றை ஒன்று மிதிக்கும். 'இத்தனை வருஷத்துல ஒரு அடி விட்டதில்ல' என்று அவர் சொல்லிக்கொள்வார். வாழ்க்கையில் அவர் அடித்துக்கொண்ட ஒரே பெருமை அதுதான். அதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

பட்டாளத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு ஒற்றைத் தலைவலி. முதல் இரண்டையும் பரணில் போட்டுவிட்டார். மூன்றாவதைப் போட இடமில்லை.

அது வருகிற முறை ஒன்று உண்டு. முதலில் இடது கண்ணோரம் கோணல்மாணலாக ஒரு வெளிச்சம் மினுக்கும். பிறகு எதிரில் நிற்கிறவரின் பாதி முகம் காணாமல் போகும். அப்புறம் மண்டையின் இடது பக்கத்தில், வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் ஒருவன் உள்ளே இருந்துகொண்டு சுவரெல்லாம் ஆணி அடிக்க ஆரம்பிப்பான். வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஒரு துணிக் கிடங்கில் காவலாளி வேலைக்குப் போனார். ஒருநாள் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தவரை முதலாளி பார்த்துவிட்டு, காவல் காக்கத்தான் சம்பளம், தூங்குவதற்கு வீட்டிலேயே இடம் இருக்கிறதே என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே தெரிகிற காயம் ஒன்றாவது இருந்தால் பரவாயில்லை. கட்டுப் போட்டுக்கொண்டு உட்காரலாம், நாலு பேர் வந்து விசாரிப்பார்கள். தலைவலிக்கு யார் வந்து விசாரிக்கிறார்கள்? நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிற மனுஷன் வேலைக்குப் போக உடம்பு வணங்காமல் நடிக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெண்டாட்டி மட்டும் நம்பினாளா என்றால், நம்பினாள், ஆனால் முழுசாக இல்லை. அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். இவருக்குத் தலைவலி என்றால் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, மிதிகட்டையில் காலை வைத்தபடியே பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கால்சட்டைகள் ஒரு காலோடு காத்திருக்கும். அவளுக்கு இருந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்.

"எங்க அண்ணன் வந்தா மட்டும் உங்களுக்குத் தப்பாம தலை வலிக்குதே, அது தலைவலியா, இல்ல அலாரமா?"

டமாரம் இதற்குப் பதில் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று பயந்தார்.

அந்த அண்ணன், அதாவது டமாரத்தின் மச்சான், அதே பேண்டில் சிம்பல் அடித்தவர். இரண்டு பித்தளைத் தட்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு 'ஜங்' என்று மோதுகிற வேலை. பட்டாளத்தில் அவரை எல்லோரும் ஜால்ரா என்றுதான் கூப்பிட்டார்கள், அவர் இல்லாத சமயத்தில். அவர் காதுபட யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "ஜால்ரா வேற, சிம்பல் வேற" என்று ஆரம்பித்து விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்கு வயதாகிவிடும். பேண்டு நடக்கும்போது டிரம்காரனுக்கு இடது பக்கம் சிம்பல்காரன் நடக்க வேண்டும் என்பது முறை. 'பும்'மும் 'ஜங்'கும் ஒன்றாக விழ வேண்டும். ஆகவே இருபது வருஷமாக அந்த இரண்டு தட்டுகளும் டமாரத்தின் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி மோதின. பக்கத்தில் நடந்து நடந்தே, இவன் வம்பு பேசமாட்டான், கால் பிசகமாட்டான் என்று பார்த்துவைத்துத் தங்கையையும் கொடுத்தார் மச்சான். பெண்ணைக் கொடுத்ததும் அந்த ஆள்தான், தலைவலியைக் கொடுத்ததும் அந்த ஆள்தான் என்பது டமாரம் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கிய கட்சி.

பட்டாளத்தில் வந்த வியாதிக்கு டிசபிலிட்டி பென்ஷன் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, டமாரம் மனுப் போட்டார். பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்கிற நிலைமை அந்த வீட்டில் இல்லைதான். ஆனாலும் அவருக்கு வேண்டியிருந்தது வேறு. 'இந்த ஆளுக்கு உண்மையிலேயே தலை வலிக்கிறது' என்று அரசாங்கம் முத்திரை குத்தி ஒரு காகிதம் கொடுக்க வேண்டும். அதைச் சட்டம் போட்டுத் தையல் மிஷினுக்கு நேர் எதிரே மாட்ட வேண்டும்.

மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். இரும்பு அலமாரி, ஒரு பரிசோதனைக் கட்டில், கண்ணைக் குத்துகிற டியூப் லைட்டு. இவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சீருடையில் டாக்டரம்மா உள்ளே வந்தார். சீருடையைப் பார்த்ததுதான் தாமதம், டமாரத்தின் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொண்டது.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், மேடம்."

"தலைவலின்னு எழுதியிருக்கீங்களே?"

"ஒண்ணும் இல்ல, மேடம்."

சொன்னது அவர் இல்லை, அவருடைய நாக்கு. பட்டாளத்தில் காலையில் வரிசையில் நிற்கும்போது அதிகாரி கேட்பார், எல்லோரும் நல்லா இருக்கேன் என்பார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னவனை அன்று முழுக்க மற்றவர்கள் பார்க்கிற பார்வைக்குக் காய்ச்சலே தேவலை. இருபது வருஷம் சொன்ன பதிலை நாக்கு இருபத்தோராவது வருஷமும் சொல்லிவிட்டது. விண்ணப்பதாரர் நலமாக இருப்பதாக அவரே கூறுகிறார் என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வேறு என்ன செய்வார்கள் பாவம்.

"பஸ்ஸு புடிச்சுப் போய், வரிசையில நின்னு, சட்டையக் கழட்டிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் பெண்டாட்டி. "அதை நம்ம தெருமுனையில நின்னே சொல்லியிருக்கலாமே."

முன்னாள் வீரர்களுக்கான நல அலுவலகத்தில் ஒரு எழுத்தர் இருந்தார். நல்ல மனுஷன். அப்பீல் போடலாம் என்றார். ஆனால் பட்டாளத்து மருத்துவப் பதிவில் காலில் கொப்புளம் வந்ததைத் தவிர வேறு ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

"உங்ககூட வேலை பார்த்தவங்க யாராவது வந்து, இவருக்கு அப்பவே இந்த வலி இருந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொல்லணும். பக்கத்துல இருந்து பார்த்தவரா இருந்தா ரொம்ப நல்லது."

"பக்கத்துல இருந்தவர் என் மச்சான்தான்."

"அப்ப என்ன சார், வேலை சுலபமா முடிஞ்சிடும்."

எழுத்தருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனிடம் பேசுவதுபோல்தான் அவர் வீட்டுக்குள்ளும் பேசுவார். மின்விசிறி எப்படி ஓடுகிறது, பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்பதையெல்லாம் மூன்று வீடு தள்ளி இருப்பவர்களும் தெரிந்துகொண்டார்கள். டமாரம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு மெல்ல விஷயத்தைச் சொன்னார். தலைவலி என்ற சொல் காதில் விழுந்ததுமே மச்சானின் பார்வை மேலே ஏறி உத்தரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"நான் என்னன்னு சாட்சி சொல்றது?"

"அப்பவே எனக்குத் தலை வலிக்கும்னு சொல்லு மச்சான். அது போதும்."

"ஏன் வலிச்சுதுன்னு கேப்பாங்க."

டமாரத்தின் கை தானாக இடது காதைத் தடவியது. அந்தத் தடவல் மச்சானுக்கு நன்றாகப் புரிந்தது.

"ஓ. அப்படி வர்றியா? என் சிம்பல்னால வலிச்சுதுன்னு நான் என் வாயால சொல்லணுமா? பூப்போல அடிப்பேன்யா நான். பேண்டு மாஸ்டரே சொல்லியிருக்கார். உன் தலைவலிக்கு என் சிம்பலைக் கூண்டுல ஏத்தாதே மாப்ளே. நான் பாத்தேன்னும் சொல்லமாட்டேன், பாக்கலேன்னும் சொல்லமாட்டேன். ஆளை விடு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் வீடு சத்தமாகவே இருந்தது. டமாரம் போர்வையை எடுத்தார்.

பெண்டாட்டி மறுநாள் ஒரு சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே யோசித்தாள். அண்ணனைக் கெஞ்சினால் வரமாட்டான், அழுதால் இன்னும் வரமாட்டான், கூடவே பிறந்தவளுக்கு இது தெரியாதா? நேராக அவர் வீட்டுக்குப் போனாள். வாசலைத் தாண்டவில்லை.

"அண்ணே, நீ வரவேண்டாம். நானே போய் எழுதிக் குடுத்துடறேன், எங்க அண்ணன் கண்ணுமண்ணு தெரியாம அடிச்சதுலதான் இவருக்கு இந்த வலின்னு. நீ இல்லாமலே நடக்கட்டும்."

"நான் இல்லாம என் சிம்பல் மேல கேஸு நடக்குமா?"

"நடக்கட்டுமே. உனக்கு என்ன."

அப்பீல் நாளன்று காலையில் மச்சான் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார். பித்தளைப் பொத்தான் வைத்த பழைய பேண்டுக் கோட்டு. வயிற்றுக்குக் கீழே இரண்டு பொத்தானுக்கு வேலை இல்லை. கையில் வெல்வெட்டுப் பை. வாசலில் நின்ற காவல்காரர் பையைத் திறந்து பித்தளைத் தட்டுகளைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் பின்பக்கம் வழி என்றார். மச்சான் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். இவர்கள் உள்ளே போய் நாற்காலி பிடித்து உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார்.

இந்த முறை பெண்டாட்டி தயாராக இருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. அவள் டாக்டரம்மா மாதிரி குரலை மாற்றிக்கொண்டு எப்படி இருக்கீங்க என்பாள், இவர் நல்லா இருக்கேன் என்பார், அவள் தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில், "நீங்க பேசவே வேண்டாம். கேட்டதும் கையைத் தூக்கித் தலையைப் புடிச்சுக்குங்க, போதும்" என்று முடித்துவிட்டாள்.

பாவம், அன்றைக்கு அவருக்கு ஒத்திகையே தேவைப்பட்டிருக்காது. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் பட்ட வெயில் வேலையைக் காட்டிவிட்டது. உள்ளே போகும்போதே கண்ணோரம் மினுக்கத் தொடங்கி, மச்சானின் மூக்குக்கு இடப்பக்கம் இருந்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. பெண்டாட்டியைத் தாழ்வாரத்திலேயே உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அதே அறை, அதே அலமாரி, அதே டாக்டரம்மா.

"எப்படி இருக்கீங்க?"

டமாரம் சொன்னபடியே கையைத் தூக்கினார். தலையை நோக்கிப் போன கை, சீருடையைப் பார்த்ததும் விரல்களைச் சேர்த்துக்கொண்டு நெற்றியோரத்தில் சல்யூட்டாக நின்றுவிட்டது. டாக்டரம்மாவும் மரியாதைக்குத் திருப்பி ஒரு சல்யூட் வைத்தார்.

"நல்லா இருக்கேன், மேடம்" என்றது நாக்கு.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். மச்சானுக்கு அதெல்லாம் கவலையில்லை. அவர் வந்த வேலை வேறு.

"மேடம், இவருக்கு வலி இருக்கா இல்லையாங்கறது உங்க பாடு. ஆனா என் சிம்பல்னால வலின்னு ஒரு வார்த்தை எழுதக்கூடாது. நான் அடிக்கறதை நீங்களே கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க."

வேண்டாம் என்று சொல்ல டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் பித்தளைத் தட்டுகள் வெளியே வந்துவிட்டன. மச்சான் இடது பக்கம் போய் நின்றார். "மாப்ளே, டிரம்முக்கு இந்த அலமாரியை வச்சுக்க. மெதுநடை. இடது காலு."

இருபது வருஷத்துப் பழக்கம். டமாரம் இரண்டு கையையும் முஷ்டி பிடித்தார். இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே கால் மாற்ற ஆரம்பித்தார்கள். அலமாரி 'பும்' என்றது, சிம்பல் 'ஜங்' என்றது. உண்மையைச் சொன்னால் மச்சான் பூப்போலத்தான் அடித்தார். பும், ஜங். பும், ஜங். டாக்டரம்மாவின் மேஜையில் குண்டூசி டப்பா தாளம் போட்டது. நாலைந்து அடி இப்படி ஒழுங்காகப் போயிற்று.

திடீரென்று சிம்பல் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த அடியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தாழ்வாரத்தில் யாரோ எழுந்து ஓடினார்கள்.

"நிறுத்துங்க" என்று டாக்டரம்மா கத்தினார். காதிலிருந்து கையை எடுத்துவிட்டு அலமாரியைப் பார்த்தார், டமாரத்தைப் பார்த்தார். டமாரம் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கால் மாற்றிக்கொண்டிருந்தார். முஷ்டிகள் அலமாரிக்கு ஒரு சாண் இப்பாலேயே போய்ப் போய்த் திரும்பின. தகரத்தைத் தொடவே இல்லை.

"இவர் அடிக்கவே இல்லையே. இவர் நிறுத்தினதும் நீங்க ஏன் அவ்வளவு சத்தமா அடிச்சீங்க?"

மச்சான் திருதிருவென்று விழித்தார். கையில் இருந்த தட்டுகளைப் பின்னால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார். அவ்வளவு பெரிய தட்டுகளை எங்கே மறைப்பது?

"பழக்கம், மேடம்" என்றார். அவர் அத்தனை மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"என்ன பழக்கம்?"

"இப்படி வந்துடும் மேடம் இவருக்கு. கண்ணை மூடிக்குவார். காலு நடக்கும், கை ஆடும், கோலு தோலைத் தொடாது. டிரம்மு சத்தம் நின்னா பின்னால வர்றவன் காலு பிசகும், பேண்டு மாஸ்டருக்குத் தெரிஞ்சுடும். அதனால இவர் விட்ட இடத்துல எல்லாம் நான் சேத்து அடிச்சுடுவேன். நல்லா ஓங்கி அடிச்சா டிரம்மு இல்லாதது தெரியாது. அணிவகுப்பு முடிஞ்சதும் வாத்திய அறையில கொண்டுபோய் இருட்டுல படுக்க வச்சு, மேல டிரம்மு உறையைப் போத்தி விட்டுடுவேன். இது ஒருநாள் ரெண்டு நாள் இல்ல. வருஷக்கணக்கா."

டமாரம் கண்ணைத் திறந்தார்.

"பொய், மேடம். நான் அடிச்சேன்."

"இப்ப அலமாரியில சத்தமே வரலையே."

"எனக்குக் கேட்டுதே" என்றார் டமாரம்.

அதைச் சொல்லிவிட்டு, குனிந்து, குப்பைக் கூடையில் வாந்தி எடுத்தார். டாக்டரம்மா எழுந்து டியூப் லைட்டை அணைத்தார். கைத்தாங்கலாகக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டது மச்சான்.

இருட்டில் டாக்டரம்மா தணிந்த குரலில் கேட்டுக் கேட்டு எழுதினார். பணியில் இருக்கும்போதே வலி வந்திருக்கிறது, பேரொலியால் அதிகமாகியிருக்கிறது, வலி வந்த நேரங்களில் இவரால் தம் வேலையைச் செய்ய முடியவில்லை. கடைசி வரி வந்ததும் கட்டிலிலிருந்து கை நீண்டது.

"மேடம், அடி விட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. வேற என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

"அதை எழுதலேன்னா இது வெறும் தலைவலிங்க. அதை எழுதினாத்தான் கேஸு. நீங்க கையெழுத்துப் போடணும்."

டமாரம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தலைவலி உண்மை என்று ஒப்புக்கொள்ள ஒரு ஜீவனாவது வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கினார். கடைசியில் அது கிடைக்கிற நேரத்தில், கையில் இருந்த ஒரே பெருமையைக் கொடு என்று கேட்கிறார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழுதால் வலி இன்னும் கூடும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார். அது கோட்டை விட்டு இறங்கிக் காகிதத்தின் ஓரம் வரைக்கும் போயிற்று.

போர்டு சிபாரிசு செய்யும் என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னபோது பெண்டாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சிம்பல் வெடித்ததிலிருந்தே கதவில் காதை வைத்திருந்ததில் அவளுக்கு எல்லாமே கேட்டிருந்தது. அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த புருஷனை ஓரக்கண்ணால் பார்த்து, "இத்தனை நாளா நான் ஒரு பாவி, உங்களைப் போய்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கைக்குட்டையை நனைத்துவரப் போய்விட்டாள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் டமாரம் ஒரு கோடியிலும் மச்சான் இன்னொரு கோடியிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெல்வெட்டுப் பை மச்சான் மடியில் இருந்தது.

"ஏன் மறைச்சே?" என்று கேட்டார் டமாரம். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"தெரிஞ்சா உன்னைப் பேண்டுல இருந்து தூக்கி ஸ்டோர்ல போட்டிருப்பாங்க மாப்ளே. அப்புறம் என் பக்கத்துல எவன் நடக்கறது?"

"அதுக்காக என் காதுலயா அடிப்பே?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேற எங்கய்யா அடிக்கறது" என்றார். "நீ அங்கதானே இருந்தே."

டமாரம் வலி தாங்கமுடியாமல் அப்படியே சாய்ந்து மச்சான் மடியில் தலையை வைத்துக்கொண்டார். தாழ்வாரத்து டியூப் லைட்டு கண்ணில் படாதபடி மச்சான் தன் கையை மேலே பிடித்துக்கொண்டார்.